பதில் வராமல் இறக்கக்கூடாது

பிப்ரவரி 9

குழியில் மறுபடியும் தண்ணீர். கட்டடத்துக்காரர்கள் வாசலைக் கழுவி விடுகிறார்கள், அது வடிந்து லிஃப்ட் குழியில் வந்து நிற்கிறது, அதில் நான் இறங்கி நிற்கிறேன். கம்பெனி பூட்ஸ் ஆம்பளை அளவு. பயிலுநருக்கென்று தனி அளவு வாங்க மாட்டார்களாம். இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள் என்றார் சூப்பர்வைசர். போட்டேன். இரண்டும் நனைந்தன.

பயிலுநர். மூன்றாவது வருஷம் ஓடுகிறது. இதற்குள் ஒரு பட்டமே வாங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தால் கால் வைக்க இடமில்லை. அக்கா தரை முழுக்கக் காகிதம் பரப்பிவைத்திருக்கிறாள். "பார்த்து வா, அவ இன்னும் காயலை" என்றாள். அவள் என்றால் சின்னவள். அக்காவின் காமிக்ஸ் நாயகி.

அக்காவுக்கு அச்சகத்தில் வேலை. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி வாங்கினால் உள்ளே ஒரு விளக்கத்தாள் இருக்குமே, அதற்குப் படம் போடுகிறாள். ஒரு கை, ஒரு பொத்தான், ஒரு அம்புக்குறி. முகம் வரையக்கூடாது. நாளெல்லாம் வரையாமல் விட்ட முகங்களை வீட்டுக்கு வந்து வரைகிறாள். வெட்டியெறியும் ஓரத்தாளை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அது ஒல்லியாக நீளமாக இருப்பதால் புத்தகமும் ஒல்லியாக நீளமாக வருகிறது.

கதை இதுதான். பெரியவள் என்று ஒருத்தி, பறப்பாள். சின்னவள் அவளிடம் தொழில் பழகுகிறாள். சின்னவளுக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. ஒவ்வொரு இதழிலும் யாருக்காவது உதவப் போய், ஏதாவது ஒரு கூரையிலோ தண்ணீர்த் தொட்டியிலோ மாட்டிக்கொண்டு நிற்பாள். பெரியவள் வந்து கையைப் பிடித்து இறக்கிவிடுவாள். யாரையும் குத்துவதில்லை, வெட்டுவதில்லை. ஐந்து இதழ் வந்துவிட்டது, இன்னும் இறங்கப் பழகவில்லை. எங்கள் கம்பெனியாக இருந்தால் எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஒருத்தி பறந்தால் சாக்கடை அடைப்பு போய்விடுமா என்று கேட்டேன்.

"போகாது. ஆனா எங்கே அடைச்சிருக்குன்னு மேலேயிருந்து தெரியும்ல" என்றாள்.

வாய் மட்டும் இல்லையென்றால் அவளை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

பிப்ரவரி 17

ஆறாவது இதழில் லிஃப்ட் வரப்போகிறதாம். வேலை எப்படி நடக்கும் என்று சொல்லு என்றாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

என் மெக்கானிக்குக்கு எல்லாரும் வைத்த பெயர் முட்டி. உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் சொடக்குப் போடும். லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் அது எதிரொலிக்கும்போது எந்த மாடியில் நிற்கிறார் என்று நான் கீழேயிருந்தே சொல்லிவிடுவேன். கிழவர் ஒன்றுமில்லை, அக்காவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முட்டிக்கு மட்டும் வயதாகிவிட்டது.

அவர் லிஃப்ட் கேபினின் தலைமேல் நின்றுகொண்டு மெதுவாக ஓட்டுவார். நான் குழிக்குள் நின்று அடிப்பாகத்தைப் பார்ப்பேன். அவர் காலடியில் ஒரு முழு கேபின் இருக்கிறது, அதற்குக் கீழே நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஒரு முறை. மேலேயிருந்து அவர் "இறக்கட்டுமா?" என்பார். நான் ஒதுங்கி நின்று "இறக்கு" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும். சரி, ம், ஓகே எதுவும் செல்லாது. பதில் வராமல் இறக்கக்கூடாது.

"பதில் வரவே இல்லைன்னா?" என்றாள் அக்கா.

வரும் வரை நிற்க வேண்டியதுதான் என்றேன். குழம்பை ஊற்றச் சொன்னேன்.

பிப்ரவரி 18

சின்னவளின் மூக்கு என் மூக்கு. ஐந்து இதழ் கழித்து இன்றுதான் கவனிக்கிறேன்.

மார்ச் 2

ஞாயிறு. சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் மேஜை போட்டு விற்கும் கூட்டம், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். அக்காவுக்குத் துணையாகப் போனேன். பக்கத்து மேஜைக்காரன் ரத்தமும் மண்டையோடுமாக ஒரு புத்தகம் போட்டிருந்தான், அங்கே வரிசை நின்றது. எங்கள் மேஜையில் ஈ.

மத்தியானம் ஒருவர் வந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர், சட்டையில் எழுதியிருந்தது. பெரிய மீசை, ஆள் மேஜையைவிட அகலம். குழந்தைக்கா என்று கேட்டேன். "எனக்குத்தான்" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல். ஒன்றிலிருந்து ஐந்து வரை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறாராம். ஆறு வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் வந்தாராம்.

இதில் உங்களுக்கு அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். அக்கா காலை மிதித்தாள்.

அவர் கோபப்படவில்லை. சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்: "ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டா என் வேலை முடிஞ்சது. உள்ளே போனவங்க பொழைச்சாங்களா என்னன்னு எனக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டாங்க. இந்தப் பொண்ணு ஒருத்தி விஷயத்துலதான் கடைசி வரைக்கும் எனக்குத் தெரியுது. ஒவ்வொரு தடவையும் இறக்கிக் கூட்டிட்டு வந்துடறாங்க."

திரும்பும்போது பேருந்தில் அக்கா பேசிக்கொண்டே வந்தாள். நான் கேட்கவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கமா கோபமா என்று தெரியவில்லை. ஊர் இப்படி இருக்கிறது, இவர் பொம்மைப் புத்தகத்தில் போய் ஆறுதல் தேடுகிறார். — ஆனால் ஏன் அந்த மீசை என் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது?

மார்ச் 14

முடிந்தது.

குழிக்குள் போன் சிக்னல் கிடைக்காது. இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் கிடைத்துத் தொலைத்தது. ஆபீஸிலிருந்து செய்தி. பயிற்சிக் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. மூன்றாவது தடவை. கூப்பிட்டு முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட ஒரு நாதி இல்லை. நான் செய்வது மெக்கானிக் வேலை, நிற்பது மெக்கானிக் நிற்கும் இடம், கேபின் விழுந்தால் நசுங்குவதும் மெக்கானிக்கைப் போலத்தான் நசுங்குவேன். பெயர் மட்டும் பயிலுநர்.

மேலேயிருந்து "இறக்கட்டுமா?" என்று கேட்டது.

நான் பதில் சொல்லவில்லை. ஏணியில் ஏறினேன். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தேன். லிஃப்ட் கதவை மூடிவிட்டுத்தான் வந்தேன், அந்தப் புத்தி மட்டும் விட்டுப் போகவில்லை. வாசலைத் தாண்டும்போது மறுபடி ஒரு தடவை கேட்டது, சன்னமாக. இறக்கட்டுமா?

இறக்கு இல்லை ஏத்து, எனக்கென்ன.

மார்ச் 15

முட்டி நாலைந்து முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அக்கா திட்டவில்லை. அதுதான் எரிச்சல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "நீ பதில் சொல்லாம வந்துட்டே. அப்புறம் மேலே நின்னவர் என்ன பண்ணார்?"

என்னைப் பற்றிக் கேட்கவில்லை பாருங்கள். மேலே நின்றவரைப் பற்றி.

அவளைப் பிடித்துக்கொண்டேன். என்னென்னவோ சொன்னேன். என் மூக்கை வைச்சு, என் வேலையை வைச்சு நீ பொய் எழுதிட்டிருக்கே. உன் சின்னவளுக்குப் பசிக்காது, பூட்ஸ் கடிக்காது, எவனும் செய்தி அனுப்பி நீட்டிக்க மாட்டான். எங்க மேலே நிக்கிறவன் யாரும் கையைப் பிடிச்சு இறக்கிவிட மாட்டான். மீசைக்காரரை ஏமாத்தறே நீ. என்னையும்.

பேனாவை மூடிவைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்போ ஆறாவதை நீயே எழுது" என்றாள். "நீ எழுதறதுல ஒரு எழுத்துகூட நான் மாத்த மாட்டேன்."

எழுதுவேன்.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்பதில் மட்டும் இருவரும் பேசாமலே ஒத்துப்போனோம்.

மார்ச் 17

எழுதிக் கொடுத்துவிட்டேன். சின்னவள் லிஃப்ட் குழியில் தண்ணீரில் நிற்கிறாள். பெரியவள் மேலே. ஊர் சின்னவளுக்கு இன்னும் ஒரு சோதனை வைக்கிறது, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. கடைசி வரி: "சின்னவள் ஏணியில் ஏறினாள். பதில் சொல்லாமல் போய்விட்டாள்."

எழுதும்போது கை சூடாக இருந்தது. முதல் முறையாக அந்தப் புத்தகத்தில் ஒரு நிஜம் இருக்கப்போகிறது.

அக்கா படித்தாள். பக்கங்களை எண்ணினாள். தாளை மடித்துத் தைக்கிற புத்தகத்தில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் சேருமாம். என் கதை முடிந்த பிறகும் பின்னால் மூன்று பக்கம் மிச்சம் நிற்கிறது. இன்னும் ஏதாவது எழுதித் தா என்றாள்.

இருந்தால்தானே எழுத. வெறுமனே விடு என்றேன்.

"வார்த்தை இல்லாம விடட்டுமா?"

ஆமாம், வார்த்தை இல்லாமல்.

மார்ச் 21

ஒரே அறையில் இருவர். உப்பு எங்கே, விளக்கை அணைக்கட்டுமா. அவ்வளவுதான் பேச்சு. அவள் வரையும்போது முதுகைக் காட்டி உட்காருகிறாள். முன்பெல்லாம் ஒவ்வொரு முகத்தையும் தூக்கிக் காட்டி "இது கோவமா இருக்கா, வயித்துவலியா இருக்கா?" என்று கேட்பாள்.

முட்டி கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

மார்ச் 25

வேறு வேலை தேடிப் போனேன். எஸ்கலேட்டர் கம்பெனி. ஒரு வருஷம் பயிலுநராக இருக்க வேண்டும் என்றார்கள். சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 29

அக்கா அச்சகத்துக்குப் போன பிறகு பார்த்தேன். புது இதழ் கட்டாக மேஜைமேல் இருந்தது. மேலே இருந்த பிரதி எனக்காகத் தனியாக எடுத்துவைத்தது போல இருந்தது.

ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. நான் எழுதினபடியே சின்னவள் ஏணியில் ஏறிப் போய்விடுகிறாள். அந்தப் படத்தில் முகம் இல்லை, முதுகும் நனைந்த சாக்ஸும்தான்.

பிறகு மூன்று பக்கங்கள்.

முதல் பக்கம் முழுக்க ஷாஃப்ட். அந்த ஒல்லித் தாள் அதற்காகவே வெட்டியது போல இருக்கிறது. உச்சியில் கேபின்மேல் பெரியவள், குனிந்து கீழே பார்த்தபடி. கை, லிஃப்டை ஓட்டும் பிடியில். அவள் வாயிலிருந்து ஒரு பேச்சுக் குமிழி, உள்ளே ஒன்றும் எழுதவில்லை. வார்த்தை வேண்டாம் என்று சொன்னவள் நான்தானே.

இரண்டாம் பக்கம் அதே ஷாஃப்ட். கதவு இடுக்கு வெளிச்சம் மட்டும் இடம் மாறியிருக்கிறது. பெரியவள் அதே இடத்தில், கை அதே பிடியில். பறக்கத் தெரிந்தவள். அவள் நினைத்தால் பறந்து போய்விடலாம், போகவில்லை. பதில் வரவில்லை, அதனால் நிற்கிறாள். அக்காவுக்கு நான் சொன்ன விதிதான் இது. சாப்பிட்டுக்கொண்டே, குழம்பு கேட்டுக்கொண்டே சொன்னது.

மூன்றாம் பக்கம். பெரியவள் பறக்காமல் படிக்கட்டு வழியாக நடந்து இறங்கியிருக்கிறாள். முழங்காலில் கை ஊன்றிக் குழிக்குள் டார்ச் அடிக்கிறாள். வெறும் தண்ணீர். அவள் முகத்தை — எப்படிச் சொல்வது. நாளெல்லாம் கையும் பொத்தானும் வரைகிற என் அக்கா வரைந்த முகம் அது. தண்ணீரில் எதைப் பார்த்துவிடுவோமோ என்று பயந்து, பிறகு ஒன்றும் இல்லை என்று தெரிந்த முகம். பக்கத்தின் ஓரத்தில், யார் வாயிலிருந்தும் வராமல், தாளுக்கு வெளியேயிருந்து ஒரு காலிக் குமிழி மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது.

மேலே நின்றவர் என்ன பண்ணார்?

எனக்குத் தெரியாது. பதினைந்து நாளாக நான் கேட்கவே இல்லை. குழியில் நின்ற ஆள் பதில் சொல்லவில்லை என்றால் மேலே நிற்பவன் என்ன நினைப்பான் என்பது லிஃப்ட் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் கம்பெனிக்குக் காட்டின கோபம் கம்பெனிக்குப் போய்ச் சேரவே இல்லை. வழியில் நின்ற ஒருத்தர் தலையில் விழுந்திருக்கிறது.

அழுதேன். எழுதிவைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

மார்ச் 30

கம்பெனி டிப்போவுக்குப் போனேன். முட்டி தேநீர்க் குவளையோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார், முழங்கால் சொடுக்கியது.

"இறக்கு" என்றேன்.

"இப்போ சொல்றியாம்மா" என்றார். "கழுதை, நீ செத்துட்டேன்னு நெனைச்சேன். ஏழு மாடி. இந்த முட்டியை வைச்சுட்டு ஏழு மாடி நடந்து இறங்கினேன். குனிஞ்சு டார்ச் அடிச்சேன். உள்ளே பார்த்தா ஒண்ணுமில்லை. வெளியே பார்த்தா உன் ஹெல்மெட். அதை எட்டி ஒரு உதை விட்டேன் பாரு, இப்பவும் அதுல ஓட்டை இருக்கும்."

மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சம் திட்டினார். அப்புறம்தான் தெரிந்தது, எனக்கு டைபாய்டு என்று ஆபீஸில் சொல்லிவைத்திருக்கிறார். "இளைச்ச மாதிரி நட. சூப்பர்வைசர் பார்க்கறான்."

புத்தகத்தைக் கொடுத்தேன். கடைசி மூன்று பக்கத்தில் வெகுநேரம் நின்றார். உங்க அக்காவுக்கு யார் சொன்னது என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டார்ச்சை எடது கையில குடுத்திருக்கா. நான் வலது கை" என்றார். திருப்பித் தரவில்லை, சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

மார்ச் 30, மறுபடியும்

அக்கா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். டார்ச், ஏழு மாடி, டைபாய்டு. டைபாய்டில் சிரித்துவிட்டாள். பிறகு என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, "உன் கதை நல்லா இருந்துச்சுடி. நெஜமாத்தான் சொல்றேன்" என்றாள். பேனா மையின் வாசனை அடித்தது.

அவள் எதிரே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் நகரவில்லை.

ஏப்ரல் 13

மண்டபம். மேஜை. மீசைக்காரர் ஆறாவது இதழை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்று படித்தார். என் கதை அது. ஒவ்வொரு தடவையும் இறக்கிக் கூட்டிக்கொண்டு வருகிற ஒன்றை நான் அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன்.

திரும்பி வந்தார். பேனா கேட்டார். கடைசிப் பக்கத்தில் அந்த ஓரத்துக் காலிக் குமிழிக்குள், மேஜைமேல் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்: இருக்கேன்.

"வெறுமனே விட்டா மனசு கேக்கலை. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அழைப்பு வந்து ஓடிவிட்டார்.

இந்த மாதிரிப் புத்தகங்களை ஏன் படிக்கிறார்கள் என்று இப்போது கேட்டால் சொல்வேன். ஊர் நன்றாக இருக்கிறது என்று நம்பி யாரும் படிப்பதில்லை. கெட்டுக்கிடக்கிற ஊரில் ஒருத்தி இன்னும் பழகிக்கொண்டிருக்கிறாள், அவள் தப்புச் செய்தால் ஒருத்தி வந்து பார்க்கிறாள். அது பொய் என்று கத்தினேன். முட்டி ஏழு மாடி இறங்கியது பொய்யா?

ஏப்ரல் 22

முட்டி அந்தப் புத்தகத்தை டிப்போவில் எல்லாருக்கும் சுற்றுக்கு விட்டிருக்கிறார். எண்ணெய்க் கைரேகை படாத பக்கம் இல்லை. மதியச் சாப்பாட்டில் ஒரே கிண்டல். பெரியவளுக்கு முட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்த உடையில் அண்ணன் எப்படி இருப்பார் என்று ஒருவன் நடந்து காட்டினான்.

சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு முட்டி கேட்டார்: "விதிமுறையில குழியில யார் நிக்கணும்னு போட்டிருக்கு?" தகுதி பெற்ற பணியாளர் என்றேன். "நீ யாரு?" பயிலுநர். "அப்போ காகிதப்படி குழியில ஆளே இல்லை. ஆளே இல்லாத எடத்துல இருந்து பதில் எப்படி வரும்? பதில் வராம நான் எப்படி இறக்குவேன்?"

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மே 5

இன்று முதல். பயிலுநர் குழியில் நிற்கும் எந்த இடத்திலும் மெக்கானிக்குகள் இறக்குவதில்லை. வேலைநிறுத்தம் இல்லை, எல்லாரும் வேலைக்கு வந்திருக்கிறார்கள், கேபின்மேல் ஏறி நிற்கிறார்கள். "இறக்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். நாங்கள் "இறக்கு" என்கிறோம். "காகிதத்துல நீங்க இல்லையே" என்று நின்றுவிடுகிறார்கள்.

முட்டி கேபின்மேல் ஒரு குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் குழியில். ஷாஃப்ட் வழியாக நாளெல்லாம் கதை பேசினோம். சூப்பர்வைசர் வந்து கத்தினார். விதிமுறையை எடுத்து முட்டி அவரையே படிக்கச் சொன்னார்.

மே 8

ஒரு ஆபீஸ் கட்டடத்தின் பெரிய அதிகாரி படியேறி வந்து மூச்சிரைக்க எங்களைத் திட்டினார். மூச்சு வாங்கின பிறகு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னோம். கம்பெனிக்குப் போன் செய்து இன்னும் கெட்ட வார்த்தையில் திட்டினார். படிக்கட்டு சில பேரைத் திருத்திவிடுகிறது.

மே 16

அக்கா கேட்டாள், பயமாக இல்லையா என்று. இருக்கிறது. வேலை போனால் முட்டிக்கும் போகும், அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பெண் இருக்கிறாள். எனக்காக நிற்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்காக யாரும்மா நிக்கறா. முட்டி வலிக்குது, உக்காந்திருக்கேன்" என்றார்.

மே 27

ஆர்டர் வந்தது. இரண்டு வருஷம் முடித்தவர்களுக்கு நிரந்தரம். நான் இருக்கிறேன். போன வருஷம் சேர்ந்த இரண்டு பையன்கள் இல்லை.

பாதிதான். சந்தோஷமாக இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது. அக்காவிடம் சொன்னேன், இது முழு வெற்றி என்று ஏழாவது இதழில் வரைந்துவிடாதே. "பாதிதான் வரைவேன். மீதிக்கு எட்டாவது இருக்கே" என்றாள். அந்த இரண்டு பையன்களையும் ஏழாவதின் கடைசிப் பக்கத்தில் குழிக்குள் நிற்க வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் அவர்களுக்காக உட்காருகிறோம். முட்டி இந்தத் தடவை மெத்தை கொண்டுவருவாராம்.

ஜூன் 3

புது பூட்ஸ். என் அளவு. சாக்ஸ் ஒன்றே போதும்.

ஜூன் 18

ஏழாவது இதழை எடுத்துக்கொண்டு போய் முட்டிக்குக் கொடுத்தேன். டார்ச் வலது கைக்கு மாறியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தார். மாறியிருக்கிறது.

சின்னவள் இன்னும் இறங்கப் பழகவில்லையா என்று மீசைக்காரர் கேட்டதாக அக்கா சொன்னாள். பழகிக்கொண்டிருக்கிறாள் என்று பதில் சொன்னாளாம்.

இன்று ஒரு பழைய கட்டடம், குழியில் தண்ணீர் இல்லை. எப்போதும் போல ஏணியைப் பிடித்தேன். முட்டி என் கையைத் தட்டிவிட்டு அவர் இறங்கினார், முனகிக்கொண்டே, ஒவ்வொரு படிக்கும் ஒரு சொடக்கு. "மேலே போம்மா. என்னால ஏற முடியலை" என்றார்.

முதல் முறையாகக் கேபின்மேல் நின்றேன். கீழே ஒன்றுமே தெரியவில்லை, இருட்டு மட்டும். பிடியில் கை வைத்தேன். செருமிக்கொண்டு கேட்டேன்.

இறக்கட்டுமா?

ஒன்றும் வரவில்லை. நின்றேன். வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் குனிந்து இருட்டுக்குள் பார்த்தேன். மறுபடி கேட்டேன்.

அடியிலிருந்து ஒரு சொடக்கு. பிறகு சிரிப்பு. பிறகு அந்த வார்த்தை.

இறக்கினேன்.